ஒற்றைத் தலைவலியைத் தடுப்போம்: எது கைமருந்து, எது சத்து மாத்திரை, எது ஆபத்து?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமத் தம்பதியருக்கான குடும்ப நலப் பாடம்)



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் முன்னோர் சொன்ன சொல். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வலி தெரிவதில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். காலில் வீக்கம் என்றால் கண்ணால் காணலாம். தலைவலிக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. ஆதலால் மாதம் நாலு நாள் இருட்டறையில் சுருண்டு படுக்கும் மருமகளைப் பார்த்து, “வேலைக்கு வணங்காம நடிக்கிறா” என்று சொல்லிவிடுகிறார்கள். களையெடுப்புக்குப் போகாத மனைவியை, “இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா?” என்று கணவன் கடிந்துகொள்கிறான். இது நடிப்பன்று, சோம்பலும் அன்று. ஒற்றைத் தலைவலி என்பது மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட ஒரு நோய். அதை முற்றிலும் ஒழிக்க மருந்து இல்லை. ஆனால் வரும் தடவைகளைக் குறைக்க வழி உண்டு. அவ்வழிகளில் வீட்டிலேயே செய்யக்கூடியவை எவை, கடையில் விற்பவற்றில் பயனுள்ளவை எவை, தொடவே கூடாதவை எவை என்பதை இந்தப் பாடத்தில் காண்போம்.

1. ஒற்றைத் தலைவலியின் அடையாளங்கள்

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி ஆகாது. கீழ்க்கண்டவை அதன் அடையாளங்கள்:

- பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் வலிக்கும். சிலருக்கு இரு பக்கமும் வலிப்பதுண்டு.
- நாடி துடிப்பதுபோல் “விண் விண்” என்று தெறிக்கும். நடந்தாலும் குனிந்தாலும் வலி கூடும்.
- குமட்டல் இருக்கும், வாந்தியும் வரலாம்.
- வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. வாசலில் பேசுகிற பேச்சுகூட மண்டையில் அடிப்பதுபோல் இருக்கும்.
- மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை, அதாவது மூன்று நாள் வரைகூட நீடிக்கும்.

சிலருக்கு வலி தொடங்குவதற்கு முன் கண்ணெதிரே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் மின்னும், அல்லது பார்வையில் ஒரு பகுதி மறையும். கை விரலில் மரமரப்பு ஏறி முகத்துக்கு வருவதும் உண்டு. இவை 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்து மறையும். இந்த “ஒளிக்கோடு” அடையாளத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் முக்கியமாகும்.

2. இது எத்தனை பேருக்கு வருகிறது?

பெங்களூரு நகரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரை விசாரித்த ஆய்வு 2015-ல் வெளியாயிற்று. அதன்படி 18 முதல் 65 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்த ஒரு வருடத்தில் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கும் அதிகம். “இது பட்டணத்துக்காரங்க நோய்” என்று நினைப்பது தவறு என்பதை இது காட்டுகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு கூடும்.

3. வலியைக் கிளப்பிவிடுவது எது?

நோய் உடம்பிலேயே இருக்கிறது. அதைக் கிளப்பிவிடுவது வெளிக் காரணம். காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நம் பக்கத்தில் அடிக்கடி காண்பவை:

பட்டினி: விடியுமுன் எழுந்து வெறுந்தேநீருடன் பருத்தி எடுக்கவோ வெங்காயக் கொல்லைக்கோ போய், முதல் சோறு 11 மணிக்கு உண்பது. திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயிலுக்கும், புரட்டாசிச் சனியில் கல்லங்குறிச்சிக்கும் வெறும் வயிற்றோடு வெயிலில் நடப்பது.

வெயிலும் தண்ணீர்க் குறைவும்: பங்குனி, சித்திரையில் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும்போது, “ஒதுங்க இடமில்லையே” என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருப்பது.

தூக்கம் கெடுவது: இரவெல்லாம் திருவிழாக் கூத்து, இரவுநேர மின்சாரத்துக்குக் காத்திருந்து நீர் பாய்ச்சுவது, சிமெண்டு லாரியில் இரவு ஓட்டம். அதிகமாகத் தூங்குவதும் சிலருக்கு வலியைக் கிளப்பும்.

மாதவிலக்கு: விலக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை பல பெண்களுக்கு வலி வரும்.

நெடி, புகை, வெளிச்சம்: மிளகாய் வறுக்கும் நெடி, விறகடுப்புப் புகை, பூச்சிமருந்து வாடை.

மனக் கவலை: கடன், சண்டை, பிள்ளை படிப்பு. சிலருக்குக் கவலை தீர்ந்து ஓய்ந்த மறுநாள்தான் வலி வரும்.

மது: ஆண்களுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளத்துக்கோ பருத்திக்கோ மருந்தடித்த அன்று தலைவலியோடு அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், மூச்சு முட்டல் இருந்தால் அது ஒற்றைத் தலைவலி அன்று. பூச்சிமருந்து நஞ்சு ஏறியிருக்கிறது. உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

4. முதல் மருந்து: சுவரில் தொங்கும் காலண்டர்

செலவில்லாத வழி இது. தலைவலி வந்த நாளில் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். மாத்திரை விழுங்கினால் குறியைச் சுற்றி ஒரு வட்டம். மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. பட்டினி கிடந்திருந்தால் “ப”, வெயிலில் வேலை செய்திருந்தால் “வெ”, தூக்கம் கெட்டிருந்தால் “தூ”. எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

மூன்று மாதம் இப்படிக் குறித்தால் உங்கள் வலியை எது கிளப்புகிறது என்பது உங்களுக்கே விளங்கும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துப் போங்கள். “அடிக்கடி வருது டாக்டர்” என்பதைவிட, “மாசம் ஆறு நாள் வருது, நாலு நாள் மாத்திரை போட்டேன்” என்று சொல்வது அவருக்கு மிகவும் உதவும்.

5. அடுப்படியில் உள்ள தடுப்பு

காலை 8 மணிக்குள் ஏதேனும் ஒன்று வயிற்றில் விழ வேண்டும். பழைய சோறும் நீராகாரமும் போதும், கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் மிக நன்று. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நெடுநேரம் விடாதீர்கள். கொல்லைக்குப் போகும்போது ஒரு தூக்குவாளியில் மோரோ கூழோ கொண்டு போங்கள். விரதம் இருப்பவர் பாலும் பழமும் சேர்த்துக்கொண்டால் விரதத்துக்கும் குறைவில்லை, தலைக்கும் தொல்லையில்லை.

வெயில் காலத்தில் வெளியில் வேலை செய்பவர் நாளொன்றுக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பிட்ட மோர், நீராகாரம் எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ உள்ளவர் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

டீயும் காப்பியும் நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் வேண்டாம். இப்போது ஐந்தாறு தம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் அதனாலேயே தலை வலிக்கும். வாரத்துக்கு ஒரு தம்ளராகக் குறைத்து வாருங்கள்.

இனி மக்னீசியம் என்ற தாதுச் சத்தைப் பற்றி. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சிலருக்கு இந்தச் சத்துக் குறைவாகக் காணப்படுகிறது. இது எதில் இருக்கிறது? தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 20 மில்லிகிராம்தான். கம்பில் 125, கேழ்வரகிலும் மக்காச்சோளத்திலும் 145 அளவுக்கு இருக்கிறது. முந்திரிப் பருப்பில் ஏறத்தாழ 300, எள்ளில் 350. வேடிக்கையைப் பாருங்கள். முந்திரி செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் விளைகிறது, மக்காச்சோளம் பெரம்பலூர்க் கொல்லையெங்கும் விளைகிறது. முந்திரியை வியாபாரிக்கும் சோளத்தைக் கோழித்தீவனத்துக்கும் கொடுத்துவிட்டு, நாம் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு உண்கிறோம். விற்பதில் தவறில்லை. வீட்டுக்கென்று ஒரு படி ஒதுக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்? வாரம் மூன்று நாளாவது கம்பு, கேழ்வரகு, நாளும் ஒரு பிடி வேர்க்கடலை அல்லது ஓர் எள்ளுருண்டை, அடிக்கடி முருங்கைக்கீரை. இது தலைக்கு மட்டுமன்றி இரத்தத்துக்கும் நல்லது.

இரத்தச் சோகையும் தலைவலிக்கு ஒரு காரணம். 2019-21 குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோகை இருந்தது. ஆதலால் தலைவலி என்று போகும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும், இரத்த அழுத்தத்தையும், கண் பார்வையையும் பார்த்துக்கொள்வது நன்று.

6. கடையில் விற்கும் சத்து மாத்திரைகள்: எது மெய், எது பொய்?

“சத்து மாத்திரை தின்னா தலைவலி வராதாமே?” என்று பலரும் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு ஓரளவு சான்று உண்டு.

பி-2 வைட்டமின் (ரைபோபிளேவின்): 1998-ல் பெல்ஜியம் நாட்டில் 55 பேரிடம் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் பி-2, மறு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. மூன்று மாதம் கழித்து, பி-2 உண்டவர்களில் 100-க்கு 59 பேருக்குத் தலைவலி பாதியாவது குறைந்தது. போலி மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 15 பேருக்குத்தான் அவ்வாறு குறைந்தது. இந்த அளவைச் சாப்பாட்டில் பெற முடியாது. பாலிலிருந்து பெற வேண்டுமானால் இருநூறு லிட்டருக்கும் மேல் குடிக்க வேண்டியிருக்கும்! சாதாரண பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் சில மில்லிகிராமே இருப்பதால் அதுவும் இதற்கு ஈடாகாது. மருத்துவர் எழுதிக் கொடுத்து உண்ணும்போது சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும். அஞ்ச வேண்டாம், மஞ்சள்காமாலை அன்று.

மக்னீசியம் மாத்திரை: 1996-ல் ஜெர்மனியில் 81 பேரிடம் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில், வலி வரும் தடவைகள் 100-க்கு 42 அளவு குறைந்தன. போலி மாத்திரைக்கு 16 அளவு குறைந்தது. வயிற்றுப்போக்கு ஏற்படலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இரும்புச் சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் ஒரே வேளையில் சேர்த்து விழுங்கக் கூடாது.

கோ-என்சைம் க்யூ-10: 2005-ல் வெளியான சோதனையில் பயன் தெரிந்தது. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் 42 பேர் மட்டுமே. விலையும் அதிகம். கடன்பட்டு வாங்கும் அளவுக்கு உயர்ந்த மருந்து அன்று.

பட்டர்பர் என்னும் மேல்நாட்டு மூலிகை: இதிலிருந்து ஒரு பாடம் கற்க வேண்டும். 2012-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலில் இதற்கே முதலிடம் கொடுத்தார்கள். பின்னர் இதை உண்ட சிலருக்கு ஈரல் கெட்டது தெரியவந்ததும், 2015-ல் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றார்கள். “இயற்கை மருந்துதானே, தீங்கு செய்யாது” என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று. எருக்கும் அரளியும்கூட இயற்கைதான்!

சத்து மாத்திரைகளைப் பற்றி மூன்று விதிகள்: மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஒன்றை மட்டும் மூன்று மாதம் உண்டு, காலண்டர்க் குறி குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைக்கு ஆசைப்படுபவர்களும் தாமாக எதையும் உண்ணக் கூடாது.

7. பாட்டி வைத்தியம்: செய்யத்தக்கவையும் தகாதவையும்

செய்யலாம்:

- பானைத் தண்ணீரில் நனைத்த துணியை நெற்றியிலும் பிடரியிலும் போட்டு, இருட்டான அறையில் படுப்பது. இது வலியை ஓரளவு தணிக்கும்.
- இஞ்சி, சுக்கு: இரான் நாட்டில் 100 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியிட்ட சோதனையில், வலி வந்தபோது உண்ட இஞ்சித்தூள் இரண்டு மணி நேரத்தில் ஒரு ஆங்கில மருந்துக்கு ஏறத்தாழ இணையாக வலியைத் தணித்தது. ஆனால் வலி வராமல் தடுக்குமா என்று பிரேசிலில் சோதித்து 2020-ல் வெளியிட்டபோது, போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. ஆகவே வலி வந்த நேரத்தில் சுக்குத்தண்ணீர் குடிக்கலாம், குமட்டலுக்கும் நல்லது. நாள்தோறும் சுக்கு உண்டால் தலைவலி வராது என்று நம்பி இருக்க வேண்டாம்.
- சுக்குப் பற்று: மெல்லியதாக நெற்றியில் மட்டும் போடலாம். கண்ணில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்தால் கழுவிவிடுங்கள்.
- நொச்சி வேது: மூக்கடைப்பால் வரும் தலைபாரத்துக்கு இதமளிக்கும். ஒற்றைத் தலைவலியில் சூடும் வாடையும் சிலருக்கு வலியைக் கூட்டும். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் செய்யலாம்.
- எண்ணெய் முழுக்கு: உடம்புக்கு இதமானால் தொடரலாம். முழுகிய மறுநாள் வலி வருவதாகக் காலண்டர் காட்டினால் விட்டுவிடலாம்.

செய்யவே கூடாது:

- எருக்கம்பால் தடவுவது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் கருவிழி புண்ணாகும்.
- ஊமத்தை இலையை அரைத்து உண்பதும் அதன் புகையை இழுப்பதும். அது நஞ்சு.
- இலைச்சாற்றை மூக்கில் பிழிவது. மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
- நெற்றியில் சூடு போடுவது. தழும்பு நிற்கும், நோய் போகாது.
- சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் சூரணம். அதில் ஈயமும் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருக்கக் கூடும்.

சித்த மருத்துவம் வேண்டுவோர் அரசு மருத்துவமனையிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பார்க்கலாம். வேறு மாத்திரை உண்பதை அவரிடம் மறைக்காதீர்கள்.

8. யோகப் பயிற்சி

புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 160 பேரைச் சேர்த்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஒரு சாராருக்கு மருந்து மட்டும், மறு சாராருக்கு மருந்தோடு யோகமும் என்று பிரித்தார்கள். முதல் மாதம் பயிற்சி நிலையத்தில் வாரம் 3 நாள், பின் இரண்டு மாதம் வீட்டில் வாரம் 5 நாள். யோகம் செய்தவர்களுக்குத் தலைவலி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மருந்து மட்டும் உண்டவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. அவர்கள் மருந்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“வேலையே உடற்பயிற்சிதானே?” என்பீர்கள். வேலையில் உடம்பு உழைக்கிறது, மூச்சும் மனமும் ஓய்வதில்லை. காலையிலோ மாலையிலோ அரைமணி நேரம் மூச்சுப்பயிற்சியும் எளிய ஆசனமும் செய்ய மனைவிக்கு நேரம் வேண்டுமானால், அந்த அரைமணி நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் கணவன் பொறுப்பு.

9. மாத்திரையே வலியாக மாறும் கதை

இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமான பகுதி இது. கிராமத்தில் நாள்தோறும் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

“என்னங்க, கடைப்பக்கம் போனா தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கியாங்க.”

“முந்தாநாள்தானே வாங்கியாந்தேன்?”

“அது தீந்துபோச்சுங்க. காலையில எந்திரிச்சாலே வலிக்குது. போட்டாத்தான் வேலை ஓடுது.”

இந்த அம்மாளுக்கு முதலில் மாதம் நாலு நாள்தான் வலி. இப்போது தினமும் வலி. காரணம் நோய் முற்றியது மட்டுமன்று, மாத்திரையும்தான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகளையும் எர்காட்டமின் கலந்தவற்றையும் 10 நாளுக்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் உண்டுவந்தால், மாத்திரையின் வேகம் இறங்கும்போதெல்லாம் தலைவலி வரும். அதற்கு இன்னொரு மாத்திரை, பிறகு இன்னொரு வலி. செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி வரும். கூடவே வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கெடுதியும் சேரும். இந்த நிலையில் எந்தச் சத்து மாத்திரையும் எந்தக் கைமருந்தும் சரியாகப் பிடிக்காது.

விதி எளிது. வலி தொடங்கியவுடனே, ஏதேனும் உண்டுவிட்டு, மருத்துவர் சொன்ன மாத்திரையைச் சொன்ன அளவில் போட வேண்டும். வலி முற்றிய பின் போட்டால் பயன் குறைவு. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மாதம் நாலு நாளுக்கு மேல் வலி வருபவருக்கு, நாள்தோறும் உண்டு வலியைத் தடுக்கும் வேறு மாத்திரைகள் உண்டு. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளூனரிசின் போன்ற அவை வலி மாத்திரை அல்ல. மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுப்பார். இழுப்பு நோய் உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. ஆகையால் பக்கத்து வீட்டாருடைய மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

10. தம்பதியர் கட்டாயம் அறிய வேண்டியவை

கருத்தடை மாத்திரை: மாலா-என் முதலிய நாள்மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது நல்ல முறையே. ஆனால் முன்சொன்ன ஒளிக்கோடு கண்டு ஒற்றைத் தலைவலி வரும் பெண்கள், எந்த வயதினராயினும் அதை உண்ணக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டுப் பக்கவாதம் வரும் ஆபத்து அவர்களுக்குக் கூடுகிறது. 35 வயதைத் தாண்டியவர்கள் ஒளிக்கோடு காணாவிட்டாலும் வேறு முறையைக் கைக்கொள்வதே நன்று. மாத்திரை தொடங்கிய பின் தலைவலி புதிதாக வந்தாலோ கடுமையானாலோ உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

“அப்ப நாங்க என்ன செய்யறது?” வழி பல உண்டு. காப்பர்-டி இருக்கிறது. இயக்குநீர் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது. அதை முதல் மூன்று மாதம் வாரம் இரு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் உண்ண வேண்டும். ஆணுறை இருக்கிறது. இத்தனை பிள்ளை போதும் என்று முடிவு செய்தவர்களுக்குத் தழும்பில்லாத ஆண் கருத்தடை இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். மனைவி தலைவலியோடு மாத்திரை விழுங்குவதைவிட, கணவன் அரைநாள் ஒதுக்குவது எவ்வளவோ மேல்.

கர்ப்ப காலம்: கர்ப்பமான பிறகு, அதிலும் நான்காம் மாதத்துக்குப் பின், பலருக்கு ஒற்றைத் தலைவலி தானே குறையும். தடுப்பு மாத்திரை உண்பவர்கள் கருத்தரிக்க நினைக்கும்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வால்புரோயேட் போன்ற மருந்து சிசுவை ஊனப்படுத்தும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி இருந்தால் “வழக்கமான மண்டையிடிதானே” என்று இருந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேறுகாலம்: “பச்ச உடம்பு, தண்ணி குடுக்காதே” என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை மறுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உடம்பில் நீர் வற்றினால் மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடும். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி கண்டால் தாமதம் கூடாது.

11. கைமருந்து பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்

- இடி விழுந்ததுபோல் திடீரென்று வந்த, வாழ்நாளில் கண்டிராத தலைவலி.
- வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கைகால் விழுதல். பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.
- காய்ச்சலோடு கழுத்து விறைத்தல்.
- வலிப்பு, மயக்கம், பார்வை மறைந்து திரும்பாமை.
- தலையில் அடிபட்ட பின் வரும் வலி.

50 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தலைவலி தொடங்கினாலும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலும் விரைவில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

12. வீட்டார் கடமை

வலி வந்தவளை நம்புவது முதல் உதவி. விளக்கை அணைத்து, தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஒரு சொம்பு தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். மாமியார்மார்களே, “எனக்கும் இருந்திச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நீங்கள் வாய்திறக்காமல் பட்ட துன்பத்தை உங்கள் மருமகளும் பட வேண்டும் என்பதில்லையே! ஆண்களுக்கும் இந்த நோய் உண்டு. வண்டி ஓட்டும்போது கண்ணில் ஒளிக்கோடு தெரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

நினைவில் கொள்க:

- வேளைக்குச் சோறு, வேண்டிய தண்ணீர், ஒரே நேரத்தில் தூக்கம்.
- காலண்டரில் குறி, மூன்று மாதம்.
- கம்பு, கேழ்வரகு, எள், கடலை, கீரை வீட்டுக்கும் வேண்டும்.
- சத்து மாத்திரை மருத்துவரைக் கேட்டே.
- வலி மாத்திரை வாரம் இரண்டு நாளுக்கு மேல் கூடாது.
- ஒளிக்கோடு தெரிந்தால் மாலா-என் வேண்டாம். வேறு முறை உண்டு.

படித்தவர் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்பது இன்னும் நன்று. அடுத்த முறை உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு வரும்போது அந்தக் காலண்டர்த் தாளை மறவாமல் கொண்டு வாருங்கள்.